கியர் ஆயிலுக்கு ஒரு கிலோமீட்டர் எழுதுங்கள்

இந்தியாவில் ஆட்டோமேட்டிக் கார் விற்கும் நிறுவனங்களின் சர்வீஸ் துறைத் தலைவர்களுக்கு, கடலூரிலிருந்து ஒரு மெக்கானிக் எழுதும் திறந்த மடல்.

உங்களில் ஒருவருடைய டீலர், "கியர் ஆயில் லைஃப் டைம், மாற்றவே வேண்டாம்" என்று சொல்லி ஒரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினார். இப்போது அதே டீலர், அதே காருக்கு கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்று மூன்று லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் போட்டுக் கையில் கொடுத்திருக்கிறார். இடையில் நடந்தது ஒன்றுதான்: வாரண்டி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்தக் கார் என் ஷெட்டுக்கு வந்தது.

காருக்குச் சொந்தக்காரர் ஒரு செவிலியர். கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கு டியூட்டிக்குப் போய்வருகிறவர். முள்ளோடை தாண்டிக் கன்னியக்கோயில் வரை வண்டி சீராக ஓடும். கிருமாம்பாக்கத்தில் ஆரம்பித்துத் தவளக்குப்பம், அரியாங்குப்பம், முதலியார்பேட்டை என்று ஊருக்கு ஊர் நின்று நின்றுதான் போக வேண்டும். டவுன் பஸ், காலேஜ் பஸ், சந்திலிருந்து திடீரென்று வெளியே வரும் டூவீலர். சனி, ஞாயிறு என்றால் சென்னை வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். நகரத்தைக் கடந்து கோரிமேடு போய்ச் சேர்வதற்குள் கியர் ஒன்றும் இரண்டுமாக மாறிக்கொண்டே இருக்கும். நைட் டியூட்டி முடித்துவிட்டு இந்த நெரிசலில் கிளட்ச் மிதித்துக் கால் கடுக்கிறது என்றுதான் அவர் ஆட்டோமேட்டிக் வாங்கினார். உங்கள் விளம்பரத்தில் வருவதும் இதே காரணம்தானே.

எண்பதாயிரம் கிலோமீட்டர் சர்வீஸுக்கு விட்டபோதே அவர் சொல்லியிருக்கிறார்: ரிவர்ஸ் போட்டால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் இழுக்கிறது, இரண்டிலிருந்து மூன்று மாறும்போது வண்டி நடுங்குகிறது. "கியர் ஆயில் மாற்றிக் கொடுங்கள், பணம் கட்டுகிறேன்" என்றும் கேட்டிருக்கிறார். ஜாப் கார்டில் அவர் கோரிக்கைக்கு எதிரே 'தேவையில்லை, லைஃப் டைம் ஃபில்' என்று எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளை என்னிடம் காட்டினார். தன் காருக்குத் தன் காசில் ஒரு வேலை செய்யச் சொன்னவரை, உங்கள் அட்டவணையில் அந்த வரி இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தட்டிக் கழித்திருக்கிறார்கள்.

கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தட்டான ஆயில் பேனைக் கழற்றினேன். புது ஆயில் சிவப்பாக இருக்கும். இதில் வடிந்தது டிகாஷன் கருப்பு. கருகல் வாடை வேறு. நிறத்தை மட்டும் வைத்து நான் தீர்ப்பு சொல்வதில்லை. சில ஆயில்கள் கொஞ்ச தூரம் ஓடியதுமே நிறம் மாறிவிடும், அதில் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. ஆனால் பேனின் அடியில் ஒட்டியிருக்கும் காந்தத் துண்டுகள் பொய் சொல்லாது. அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் பசை படிந்திருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் மை மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். அந்தப் பசை எந்தக் கியர்பாக்ஸிலும் வரும், அதைக் குற்றம் சொல்லவில்லை. இதில் பசைக்கு நடுவே கூர்கூராக இரும்புச் சீவல் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் மின்னியது. ஃபில்டரைப் பிழிந்தால், பாக்ஸுக்குள்ளேயே இருக்கும் கிளட்ச் தட்டின் லைனிங் தூளாகக் கொட்டியது.

இங்கே உங்களை ஒன்று கேட்க வேண்டும். அந்தக் காந்தத்தை வைத்தது யார்? ஃபில்டரை வைத்தது யார்? வடிப்பதற்கு ஒரு டிரெயின் பிளக், அளவு பார்ப்பதற்கு ஒரு லெவல் பிளக், ஊற்றுவதற்கு ஒரு ஃபில் பிளக் என்று மூன்றையும் டிசைன் செய்து, எத்தனை லிட்டர், எந்த கிரேடு, எந்த வெப்பநிலையில் அளவு பார்ப்பது என்று உங்கள் ஒர்க்‌ஷாப் மேனுவலில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பது யார்? உள்ளே தேய்மானம் வரும், ஆயில் அழுக்காகும், ஒரு நாள் மாற்ற வேண்டி வரும் என்பது உங்கள் இன்ஜினியர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அது தெரியாத மாதிரி இருப்பது வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் புத்தகம் மட்டும்தான்.

அந்தப் புத்தகத்தையும் நான் வரி விடாமல் படிப்பவன். ஒரு கையேட்டில், சாதாரணப் பயன்பாட்டு அட்டவணையில் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலுக்கு எதிரே 'சோதிக்க வேண்டாம், சர்வீஸ் வேண்டாம்' என்று இருக்கிறது. சில பக்கங்கள் தள்ளி, 'கடுமையான பயன்பாடு' என்ற தலைப்பில், அதே ஆயிலைச் சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்று என்று இருக்கிறது. எது கடுமையான பயன்பாடு என்று பார்த்தால்: அடிக்கடி குறைந்த தூரம் ஓட்டுவது, தூசி நிறைந்த சாலை, 32 டிகிரிக்கு மேல் வெயிலில் நெரிசலில் ஓட்டுவது, உப்புப் பட்டு அரிக்கும் இடங்களில் ஓட்டுவது. ஐயா, இது கடலூர் மாவட்டத்தின் முகவரி. தேவனாம்பட்டினத்துக் கடற்காற்றில் நிற்கிற காருக்கும், நெய்வேலிப் பக்கம் சாம்பல் லாரிக்குப் பின்னால் போகிற காருக்கும், வருஷத்தில் பல மாதங்கள் 32 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் ஓடுகிற காருக்கும் எந்த அட்டவணை பொருந்தும்? இரண்டாவதுதான். ஆனால் உங்கள் சர்வீஸ் கவுன்டரில் உள்ள கம்ப்யூட்டரில் இருப்பது முதலாவது மட்டும். கிலோமீட்டரைத் தட்டினால் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் வருகிறது, அதில் கியர் ஆயில் வருவதில்லை. அட்வைசர் பையன்களை நான் குறை சொல்லமாட்டேன். திரையில் இல்லாததைச் செய்தால் அவர்களுக்குத்தான் திட்டு விழும்.

ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் பெரிய பெரிய கார் கம்பெனிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கிறது. அந்தப் பாக்ஸை வாங்கிப் பொருத்தும் கார் கம்பெனிகளில் சில, ஆயில் 'லைஃப் டைம்' என்கின்றன. செய்து கொடுத்த இசட்.எஃப். என்ன சொல்கிறது? ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டில் மாற்று என்கிறது. பெற்றவளுக்குத் தெரியாத நட்சத்திரம் மற்றவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

ஃபோக்ஸ்வாகன், இரட்டைக் கிளட்ச் வைத்த டி.எஸ்.ஜி. என்ற தன் ஆட்டோமேட்டிக் வகையில், ஆறு கியர் பாக்ஸில் கிளட்ச் ஆயிலில் நனைந்தே வேலை செய்வதால், 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. அதே நிறுவனம் 2013 நவம்பரில் உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அது ஏழு கியர் டி.எஸ்.ஜி. பாக்ஸ். வெயிலும் ஈரப்பதமும் அதிகமான நாடுகளில், நின்று நின்று ஓடும் போக்குவரத்தில், அதிலிருந்த சிந்தெடிக் ஆயிலால் மின்சாரக் கோளாறு வந்தது. சிந்தெடிக்கை வடித்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றிக் கொடுத்தார்கள். குளிர்நாட்டில் பாஸான ஆயில் ஈரமும் புழுக்கமுமான ஊரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியை நான் எங்கே போய்த் தேடுவேன்?

ஆயில் உள்ளே என்ன செய்கிறது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைக் கார் வைத்திருக்கும் மற்றவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். மேனுவல் காரில் கியர் ஆயிலுக்கு வேலை பல்சக்கரங்கள் உரசாமல் காப்பது. ஆட்டோமேட்டிக்கில் அதற்கு நாலு வேலை. வால்வு பாடிக்குள் நுண்ணிய வழிகளில் அழுத்தமாகப் பாய்ந்து கியரை மாற்றுவது அதுதான். டார்க் கன்வர்ட்டரில் இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்துவதும், கிளட்ச் தட்டுகள் வழுக்காமலும் வெடுக்கென்று பிடிக்காமலும் பதமாகக் கவ்வ வைப்பதும், எல்லாச் சூட்டையும் வாங்கிக்கொண்டு போய்க் கூலரில் கொட்டுவதும் அதே ஆயில்தான். பதமாகக் கவ்வ வைக்கிற அந்தச் சேர்மானங்கள் ஓட ஓடச் செலவாகிவிடும். சூடு ஏற ஏற ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும். ஏறத்தாழ பத்து டிகிரி கூடினால் கெடும் வேகம் இரட்டிப்பாகும் என்பது எண்ணெய்த் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அரியாங்குப்பத்தில் ஊர்ந்து போகும்போது டார்க் கன்வர்ட்டர் வழுக்கிக்கொண்டே இருக்கும், ரேடியேட்டர் பக்கம் காற்றும் வராது. சூடு அங்கேதான் ஏறுகிறது. ஹைவேயில் நூறில் போகிற காரைவிட ஊருக்குள் இருபதில் ஊர்கிற காரின் கியர் ஆயில்தான் சீக்கிரம் கெடும். ஓடோமீட்டரில் இது தெரியாது.

உங்கள் பக்க நியாயத்தையும் நான் மறுக்கவில்லை. இன்றைய சிந்தெடிக் ஆயில், எங்கப்பா அம்பாசிடருக்கு ஊற்றிய கியர் ஆயிலைவிடப் பல மடங்கு தாங்கும். அடிக்கடி திறந்து தூசி விடாமல் சீல் செய்து வைப்பதிலும் அர்த்தம் இருக்கிறது. கழிவு ஆயில் குறைவது நல்லதுதான். வடித்த ஆயிலைப் பதிவு பெற்ற ரீசைக்ளருக்குக் கொடுக்க நாயாய் அலைகிறவன் என்பதால் அது எனக்கும் தெரியும். நாற்பதாயிரத்தில் மாற்றியதை ஒரு லட்சத்துக்குத் தள்ளினீர்கள் என்றால் கைதட்டியிருப்பேன். நீங்கள் தள்ளவில்லை, அழித்துவிட்டீர்கள். ஷோரூமில் 'ஐந்து வருஷப் பராமரிப்புச் செலவு இவ்வளவுதான்' என்று காட்டும் தாளில் ஒரு பெரிய வரி குறைந்தால் விற்பனைக்கு நல்லது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

உங்களில் சிலர் சி.வி.டி. எனப்படும், பெல்ட்டும் புல்லியும் வைத்து ஓடும் ஆட்டோமேட்டிக் பாக்ஸின் ஆயிலுக்கு ஒளிவுமறைவில்லாமல் கிலோமீட்டர் போட்டிருக்கிறீர்கள். அவர்களுக்கு இந்தக் கடிதத்தில் வேலை இல்லை.

ஏன், உங்களில் பெரும்பாலானோர் பிரேக் ஆயில் விஷயத்தில் நேர்மையாகத்தான் இருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்று என்று பெரும்பாலான அட்டவணைகளில் இருக்கிறது. அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும், நாலு சதவீதம்கூட வேண்டாம், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தாலே அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடலாம். காலம் போகப் போக ஒரு திரவம் கெடும் என்பதை அங்கே ஒத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கு எழுதத் தெரிந்த கைக்கு, கியர்பாக்ஸ் பக்கம் வந்ததும் என்ன ஆகிறது?

கூலன்ட் கதை இன்னொரு விதம். டொயோட்டாவின் நீண்டகாலக் கூலன்ட்டுக்கே ஒரு எண் உண்டு: முதல் தடவை 1,60,000 கிலோமீட்டர், அதன் பிறகு ஒவ்வொரு 80,000. இதுவும் வேறு எதையும் கலக்காமல் இருந்தால்தான். எங்கள் ஊரில் ஹோஸ் கிளிப் லூஸாகி வழியில் நின்றால், பக்கத்து டீக்கடையில் ஒரு குடம் போர் தண்ணீர் வாங்கி ஊற்றிக்கொண்டு வந்து சேர்வார்கள். கடலோரத்து போர் தண்ணீரில் உப்பு. அலுமினிய ரேடியேட்டரும் ஹெட்டும் அந்த உப்பில் உள்ளுக்குள் அரித்துவிடும், வாட்டர் பம்ப் சீலில் வெள்ளையாகப் படியும். துருவைத் தடுக்கும் சேர்மானங்கள் தண்ணீர் கலக்கக் கலக்க நீர்த்துப்போகும். பச்சையோ பிங்க்கோ நிறம் மட்டும் மிஞ்சியிருக்கும், அதைப் பார்த்து 'ஓகே' என்று டிக் அடித்துவிடுவார்கள். தண்ணீர் ஊற்றிய வண்டிக்கு உங்கள் நீண்டகாலக் கணக்கு பொருந்தாது என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகிக் கடலூரின் கரையோர ஊர்களுக்குள் வந்தது. அந்த டிசம்பர் முழுக்க என் ஷெட்டில் ஈர வண்டிகள்தான். பலவற்றை முதலில் கம்பெனி சர்வீஸுக்குத்தான் எடுத்துப் போயிருந்தார்கள். இன்ஜின் ஆயில் மாற்றியிருந்தார்கள், கார்பெட் கழற்றிக் காயவைத்திருந்தார்கள், வாசனைக்கு ஸ்பிரேகூட அடித்திருந்தார்கள். கியர் ஆயிலைத் தொடவில்லை. லைஃப் டைம் ஆயிற்றே. கியர்பாக்ஸின் மேல் காற்றுப் போக ஒரு மூச்சுக்குழாய் இருக்கிறது. சூடாக ஓடி வந்த பாக்ஸ் வெள்ளத்தில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, அந்தக் குழாய் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயிலும் தண்ணீரும் கலந்தால் வெளுத்து நுரைத்துப் பால் மாதிரி ஆகிவிடும். ஆட்டோமேட்டிக்கின் கிளட்ச் லைனிங் காகிதக் கூழ் வகை. ஈரத்தில் ஊறினால் பசை விட்டுத் தட்டிலிருந்து உரிந்துவிடும். உடனே வடித்திருந்தால் தப்பியிருக்கும் பாக்ஸ்கள், சித்திரை பிறப்பதற்குள் ஒவ்வொன்றாக ஸ்லிப் ஆகி வந்தன. இன்ஷூரன்ஸ் கிளெய்ம் அதற்குள் முடிந்து மூடியிருந்தது. பொங்கி வழிந்த ஆற்றுக்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு கியர் ஆயில், சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் ஆயில் இரண்டையும் கட்டாயம் வடித்துப் பார்க்க வேண்டும் என்று உங்கள் டீலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப உங்களால் முடிந்திருக்கும்.

சரி, அந்த லைஃப் டைம் எவ்வளவு நாள் என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதில் இருக்கிறது: சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. பதினைந்து ஆண்டு, அதன் பிறகு எஃப்.சி. பார்த்து ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். உங்களில் பலருடைய வாரண்டி மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர். காசு கட்டினால் கொஞ்சம் நீளும். அரசாங்கம் ஒரு காருக்குக் கொடுக்கும் ஆயுளுக்கும் நீங்கள் பொறுப்பேற்கும் ஆயுளுக்கும் நடுவே பத்து, பன்னிரண்டு ஆண்டுகள். அந்தக் காலத்துக்குரிய செலவு முழுவதும் வாங்கியவர் தலையில். அதுவும் முதல் சொந்தக்காரர் தலையிலாவது விழுந்தால் பரவாயில்லை. எங்கள் பக்கம் இரண்டாவது, மூன்றாவது கையாக வாங்குபவர்கள்தான் அதிகம்; பண்ருட்டியில் முந்திரி, பலா வியாபாரத்தில் நாலு காசு பார்த்து முதன்முதலாக ஒரு கார் வாங்குகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் தொண்ணூறாயிரம், ஒரு லட்சம் ஓடிய வண்டி. கூடவே 'ஃபுல் சர்வீஸ் ஹிஸ்டரி' என்று ஒரு ஃபைல். அந்த ஃபைலில் எல்லா டிக்கும் இருக்கும், கியர் ஆயில் இருக்காது. அவர் பெயருக்கு ஆர்.சி. மாறிய கையோடு கியர் அடிக்க ஆரம்பிக்கும்.

'பழைய ஆயிலை மாற்றினால்தான் கியர்பாக்ஸ் போகும், இருப்பதே இருக்கட்டும்' என்று உங்கள் கவுன்டர்களில் சொல்கிறார்கள். எங்கள் தொழிலிலும் சிலர் அப்படி நம்புகிறார்கள். ஆயில் மாற்றியதும் ஸ்லிப் ஆன வண்டிகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அவை ஏற்கெனவே லைனிங் தேய்ந்து, அந்தத் தூள் கலந்த கெட்டி ஆயிலின் தயவில் ஓடிக்கொண்டிருந்தவை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்துவிட்டுச் சூரியனைக் குற்றம் சொல்லக் கூடாது. நேரத்தில் மாற்றினால் அந்தப் பயமே வேண்டாம். ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து சாதாரணக் கார்களுக்குப் பத்து, பதினைந்தாயிரத்துக்குள் முடிகிற வேலை இது.

வேலை சுலபம் என்று நான் சொல்லவில்லை. பேனைக் கழற்றி வடித்தால் பாதி ஆயில்தான் வரும். மீதி டார்க் கன்வர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். அதனால் கொஞ்ச தூரம் ஓட்டவிட்டு மறுபடி வடித்து ஊற்ற வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை நீங்கள் எடுத்துவிட்டதால், அளவு பார்ப்பது தனிக் கலை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கையில், லெவல் பிளக்கைத் திறந்து, வழிவது மெல்லிய இழையாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். பல பாக்ஸ்களுக்கு அந்தச் சூடு 35-க்கும் 50-க்கும் நடுவே. கத்திரி வெயிலில் கடலூரில் நிழலே நாற்பதைத் தொடும்; மதியம் இன்ஜினை ஸ்டார்ட் செய்து கியரை ஒரு சுற்று மாற்றுவதற்குள் ஆயில் அந்த வரம்பைத் தாண்டிவிடும். அதனால் அந்த மாதங்களில் இந்த வேலைக்கென்று வண்டியை முந்தின இரவே விட்டுப் போகச் சொல்லி, விடியற்காலையில் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு அளவு பார்க்கிறோம். பால்காரர் வருவதற்கு முன்னால் எங்கள் தெருவில் கேட்கும் சத்தம் அதுதான், பக்கத்து வீட்டம்மா திட்டுவார்.

இதைச் சரியாகச் செய்ய எனக்கு வேண்டியது மூன்று தகவல்: எந்த ஆயில், எத்தனை லிட்டர், எந்தச் சூட்டில் அளவு. இந்த மூன்றையும் வாங்க நான் படும் பாடு சொல்லி மாளாது. உங்கள் பார்ட்ஸ் கவுன்டரில் ஆயில் கேட்டால் 'வெளியே விற்பதில்லை' என்கிறார்கள், அல்லது சேசிஸ் நம்பர் கேட்டு இழுத்தடிக்கிறார்கள். சந்தையில் 'எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் ஒரே ஆயில்' என்று கேனில் எழுதி விற்கிறார்கள், சி.வி.டி.யில் அதை ஊற்றினால் இரும்பு பெல்ட்டும் புல்லியும் வழுக்கிக் கீறல் விழும். தெரியாத மெக்கானிக் அதை ஊற்றுகிறான், பழி எங்கள் எல்லோர் மேலும் விழுகிறது. உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளி ஒர்க்‌ஷாப்களுக்குத் தராமல் வைத்திருப்பது தவறு என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதியே 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். 2022 டிசம்பர் 24-ஆம் தேதி நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஒரு இணையதளமே திறந்தது. அதில் சேர்த்த நாலு துறைகளில் கார்களும் ஒன்று. இத்தனைக்குப் பிறகும் கடலூரில் ஒரு லிட்டர் கியர் ஆயில் வாங்க நான் தெரிந்தவர் மூலம் தெரிந்தவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை.

இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு மாடலின் பராமரிப்பு அட்டவணையிலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், கூலன்ட் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கிலோமீட்டரும் ஓர் ஆண்டுக்கணக்கும் எழுதுங்கள். கடலோர மாவட்டங்களுக்கும் நெரிசல் ஊர்களுக்கும் 'கடுமையான பயன்பாடு' அட்டவணையே பொருந்தும் என்று முதல் பக்கத்தில், தமிழிலும் அச்சிடுங்கள். டீலரின் கம்ப்யூட்டர் திரையிலும் அதுவே வரட்டும். ஏற்கெனவே விற்ற கார்களுக்கு, எஸ்.எம்.எஸ். அனுப்பி ஆஃபர் சொல்லத் தெரிந்த நீங்கள் இதையும் எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பலாம்.

எண் எழுத மாட்டோம், ஆயில் கடைசிவரை தாங்கும் என்பதுதான் உங்கள் முடிவு என்றால், அந்த ஆயில் இருக்கும் கியர்பாக்ஸுக்கு ஆர்.சி. செல்லும் பதினைந்து ஆண்டும் வாரண்டி கொடுங்கள். அதைக் கொடுத்தால் இந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வாடிக்கையாளர் பணம் கொடுத்து ஆயில் மாற்றச் சொன்னால் மறுக்கக் கூடாது என்று டீலர்களுக்கு எழுத்தில் உத்தரவு போடுங்கள். மறுத்தால், 'இதனால் கியர்பாக்ஸ் கெட்டால் நிறுவனம் பொறுப்பு' என்று ஜாப் கார்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி மறுக்கப்பட்டு, பிறகு கியர்பாக்ஸ் போனவர்களின் கோரிக்கைகளை வாரண்டி முடிந்திருந்தாலும் திறந்து பாருங்கள். நான் மேலே சொன்ன செவிலியரின் ஜாப் கார்டு, பேனில் எடுத்த போட்டோக்கள், காந்தத்தில் ஒட்டிய சீவல் எல்லாம் கவரில் போட்டுப் பத்திரமாக இருக்கிறது. அந்த நிறுவனம் எதுவென்று இங்கே நான் எழுதவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் ஆள் அனுப்பினால் ஒப்படைக்கிறேன்.

ஆயிலின் கிரேடு, அளவு, அளவு பார்க்கும் சூடு ஆகிய மூன்றையும் உங்கள் வலைத்தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். ஆயிலைக் கவுன்டரில் யார் கேட்டாலும் எம்.ஆர்.பி.யில் கொடுங்கள். வெள்ள நிவாரண சர்வீஸ் கேம்ப் போடும்போது கியர் ஆயிலை வடித்துப் பார்ப்பதைப் பட்டியலில் முதலில் வையுங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்தச் சுற்றறிக்கை போயாக வேண்டும்.

வரும் பொங்கலுக்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால், அந்த ஜாப் கார்டோடு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்வோம். நோட்டீஸ், லேபிள், இன்வாய்ஸ் போன்ற ஆவணங்களையும் விளம்பரம் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 'லைஃப் டைம்' என்று நீங்கள் அச்சடித்த பக்கத்தை அவர்கள் முன்னால் வைத்து, இது எந்த வகையில் சேரும் என்று கேட்போம். கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் அந்தச் செவிலியர் தன் பெயரில் மனு கொடுப்பார்; சாட்சி சொல்ல நான் வருவேன்.

இப்படிக்கு,
கார் ஒர்க்‌ஷாப் நடத்தும் ஒரு மெக்கானிக்,
கடலூர்.